ஆனி முடிவதற்குள் ஒரு கார்

"ஏட்டி, குட்டை வண்டியா, உசர வண்டியா? நீ நேர்ல வந்து ஒரு முடிவு சொல்லிட்டுப் போ" என்று அக்காள் போனில் சொன்னாள். தென்காசி பக்கத்து இலத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு அவள் போன் போட்டால் முதல் கேள்வி எப்போதும் சாப்பிட்டாயா என்பதுதான். அன்று அதைக் கேட்கவில்லை. ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

குட்டை வண்டி என்றால் செடான், உசர வண்டி என்றால் எஸ்யூவி. இரண்டும் மின்சாரத்தில் ஓடுவது. என்னை எதற்குக் கேட்க வேண்டும் என்றால், நான் சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவள். கட்டிக்கொடுத்து அங்கே போனவள்தான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது என் கையில் இருப்பது மின்சார செடான். கியர் மாற்றும் வெட்டு கிடையாது, எஞ்சின் உதறல் கிடையாது, டீசல் நாற்றம் கிடையாது, ஏறி உட்கார்ந்தவர்கள் ஏர்போர்ட் போய்ச் சேருவதற்குள் குறட்டை விடுகிறார்கள் என்று ஒருமுறை அக்காளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் அதை மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அத்தானுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று. முதுகெலும்பு பொடபொடவென்று ஆகிவிட்டது, ஒரு நல்ல குலுக்கல் போதும் உடைவதற்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரம் ஒரு ஊசி. அது மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில். ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது என்பது கண்டிப்பு. வாடகை டீசல் காரில் ஆரியங்காவு மலைப்பாதை ஏறி இறங்கிப் போய்வருவதற்குள் மனுஷர் பாதி உயிர் ஆகிவிடுகிறார் என்று அக்காள் அழுதாள். அதிராத ஒரு வண்டி வேண்டும். அதுவும் ஆனி மாதம் முடிவதற்குள் வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் புது வண்டி வாசலுக்கு வராது. கல்யாணம், பால்காய்ச்சு, புது வண்டி எல்லாம் ஆவணிக்குத்தான்.

நான் தென்காசியில் வந்து இறங்கியது ஆனியின் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை. சாரல் முகத்தில் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை. அழைத்துப்போக வந்திருந்தவன் அக்காளின் கொழுந்தன் கணபதி. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறான். கார் கொண்டுவருவான் என்று நினைத்தால், கடையின் லோடு வண்டியைக் கொண்டுவந்திருந்தான். பெட்டியைப் பின்னால் காலிச் சாக்குகளோடு போட்டுவிட்டு தன் பக்கத்து சீட்டில் என்னை ஏற்றினான். எங்கும் எலுமிச்சை வாசம்.

"மதினி, உங்களுக்கு பத்து வருசம் கார் ஓட்டுன அனுபவம் இருக்கலாம். ஆனா அங்கன ரோடு கண்ணாடி. இங்கன ரோட்ட நீங்களே பாருங்க" என்றான். லோடு வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் பல்லோடு பல் மோதியது. "பாத்தியளா? உசர வண்டிதான் சரிப்பட்டு வரும். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றான்.

"நீ முடிவு பண்ணிட்டா என்னை எதுக்கு இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீங்க?" என்றேன். அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் ஏட்டையா என்றுதான் சொல்கிறார்கள். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அவருக்கு. இப்போது இடுப்பிலிருந்து மார்பு வரை பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, மீசை மட்டும் முழுசாக இருந்தது. "வாம்மா சிங்கப்பூரு. உங்க ஊர்ல வண்டி ஆளில்லாம தானா ஓடுதாமே? அப்ப உனக்கு என்ன சோலி?" என்றார். சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அக்காள் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே தேதிக் கணக்கைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைதான் ஆனியின் கடைசி நல்ல நாள். ஷோரூமில் இரண்டு வண்டியும் கையிருப்பில் இருக்கிறது. வியாழன் சாயங்காலத்துக்குள் எது என்று சொல்லிவிட்டால், நம்பர் பதிவு வேலையெல்லாம் ஓடிப் பார்த்து முடித்து வெள்ளி காலையில் சாவி தருகிறார்களாம். "அடுத்த ஊசிக்கு நம்ம வண்டியிலயே போயிரலாம்ட்டி" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

செவ்வாய்க்கிழமை உசர வண்டி வீட்டு வாசலுக்கே வந்தது. கொண்டுவந்தது ஷோரூமில் வேலை பார்க்கும் பாத்திமா என்ற பெண். கடையநல்லூர்க்காரி, வாப்பா சவூதியில் இருக்கிறாராம். தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு கெட்டி" என்று சான்றிதழ் கொடுத்தார். அத்தான் ஏற வேண்டிய நேரம் வந்தபோதுதான் கூட்டம் அடங்கியது.

இதில் கணபதி சொன்னது சரிதான். இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. குனிய வேண்டாம், ஏற வேண்டாம். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தால் போதும். அக்காள் கையைக்கூட அவர் பிடிக்கவில்லை. கணபதி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

புளியறை தாண்டி மலை ஏறும்போது என் கட்சி ஜெயித்தது. உயரமான வண்டி, வளைவுக்கு வளைவு ஆடியது. ஓட்டியது கணபதி, அவனுக்கு எலுமிச்சை லோடு ஏற்றிப் பழக்கமே தவிர நோயாளியை ஏற்றிப் பழக்கம் இல்லை. அத்தான் மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் வெளுத்துவிட்டது. "மெதுவாப் போலே" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். ஆரியங்காவில் நிறுத்தியதும் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார்.

மலை இறங்கி வந்த பிறகு, "குத்தாலத்துக்கு விடு" என்றார். யாருக்கும் மறுத்துப் பேச மனம் வரவில்லை. சீசன் உச்சத்தில் இருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈர வேட்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மங்குஸ்தானும் துரியனும் குவித்து விற்றார்கள். சிங்கப்பூரில் துரியனைப் பஸ்ஸில் கொண்டுபோகவே விட மாட்டார்கள். இங்கே குழந்தைப் பேறுக்கு என்று சொல்லி மருந்து மாதிரி விற்கிறார்கள். பேரருவி தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தான் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீசனுக்குச் சீசன் அந்த அருவியில்தான் அவருக்கு டியூட்டி. மேலே மழை பிடித்துத் தண்ணீர் நிறம் மாறினால் விசில் அடித்துக் குளிக்கிறவர்களை வெளியே இழுக்க வேண்டும். "முத விசிலுக்கு ஒருத்தனும் வெளிய வரமாட்டான் செல்வி" என்றார் என்னிடம். "இன்னும் ஒரு நிமிசம் சார், இன்னும் ஒரு நிமிசம் சார்ம்பான். தலமுடியப் பிடிச்சு இழுத்துட்டு வரணும்." பக்கத்தில் இலையில் கட்டிய பரோட்டாவைக் கணபதி பிரித்தான். நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் பட்டதும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணபதி பொட்டலத்தை மூடிவிட்டான்.

அன்றைக்கே உசர வண்டி என்று சொல்லியிருக்கலாம். நான்தான் சம்மதிக்கவில்லை. ஏறுவது ஒரு நிமிஷம், உட்கார்ந்து போவது மூன்று மணி நேரம். எது முக்கியம் என்று கேட்டேன். குட்டை வண்டியையும் அதே மலையில் ஏற்றிப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றேன். அக்காள் விரலை மடக்கிக் கிழமையை எண்ணினாள். நேரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

புதன்கிழமை செடான் வந்தது. கணபதிக்கு மார்க்கெட்டில் ஏலம், அவன் வரவில்லை. பாத்திமா ஓட்ட, நாங்கள் மூன்று பேர். ஏறும்போதே கஷ்டப்பட்டோம். இருக்கை தாழ்வு. அத்தான் குனிய முடியாமல் குனிந்து, அக்காள் அவர் தலை கூரையில் இடிக்காமல் கையை வைத்துப் பிடித்து, அவர் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டார். தப்புப் பண்ணுகிறோமோ என்று தோன்றியது.

ஆனால் வண்டி நகர்ந்து கொஞ்ச நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. அத்தான் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, கை மடியில் மல்லாந்து, நல்ல தூக்கம். செங்கோட்டை கடைவீதி இரைச்சலில்கூட எழவில்லை. பின்சீட்டில் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவுக இப்படித் தூங்கி எத்தன மாசம் ஆச்சு தெரியுமாட்டி" என்று என் காதில் சொன்னாள். நான் ஜெயித்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினேன்.

புளியறை தாண்டியதும் சாரல் மழையாகிவிட்டது. ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குக் கீழே பள்ளம் இருப்பது பாத்திமாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டமார் என்று ஒரு அடி. தூங்கிக்கொண்டிருந்த மனுஷர் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால் முன்டயரின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

"ஸ்டெப்னிய எடும்மா" என்றாள் அக்காள்.

பாத்திமா டிக்கியைத் திறந்தாள். அதில் ஒரு சின்னக் காற்றடிக்கும் மிஷினும் பசை டப்பாவும் மட்டும் இருந்தன. "இதுல ஸ்டெப்னி கிடையாது மேடம். பேட்டரிக்கு இடம் போயிருது. பஞ்சர்னா இந்தப் பசைய வச்சு ஒட்டிரலாம். இது கிழிஞ்சுல்லா போச்சு" என்றாள்.

அக்காள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வண்டியிலும் ஸ்டெப்னி கிடையாது. இத்தனை வருஷத்தில் அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. சிங்கப்பூரில் டயர் போனால் போன் போடுவோம், காபி குடித்து முடிப்பதற்குள் இழுவை வண்டி வந்துவிடும். எல்லாம் தெரிந்தவள் என்று என்னை வரவழைத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊர் ரோட்டில்தான் செல்லும்.

ஷோரூமிலிருந்து வேறு வண்டி கிளம்பிவிட்டது, இதோ வருகிறது என்றார்கள். அது வரவில்லை. மழையில் ரப்பர் மரங்கள் சலசலத்துக்கொண்டிருந்தன. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரவும் முடியவில்லை, இறங்கி நிற்கவும் முடியவில்லை. அந்த வழியாக ஒரு ஆட்டோ வந்தது. அதைக் கையைக் காட்டி நிறுத்தியவர் அவர்தான். நான் வேண்டாம், வண்டி வரட்டும் என்று கெஞ்சினேன். "ஏய், நான் வீட்டுக்குப் போவணும்" என்று பழைய போலீஸ் குரலில் அதட்டினார். இலத்தூர் வரை அந்த ஆட்டோவில் அவர் எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

வியாழக்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளூர் டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டார். புது உடைசல் இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு அசைக்காதீர்கள் என்றார். சாயங்காலம் பாத்திமாவின் போன் வந்தது. அடுப்படியில் மேடைமேல் கிடந்து அது அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் கார் பேச்சை எடுக்க யாருக்கு நாக்கு வரும்? வெள்ளிக்கிழமையும் அப்படியே கழிந்தது.

சனிக்கிழமை அத்தான் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கணபதி வந்தான். பாத்திமாவைப் போனில் பிடித்து ஒரே கேள்விதான் கேட்டான். "பெரிய வண்டியில ஸ்டெப்னி இருக்கா?" இருக்கிறது என்றாள். "அப்ப அதுதான். பேசாதீங்க மதினி" என்றான். நோயாளி தூங்குவது, வாந்தி, மலைப்பாதை வளைவு, இருக்கை உயரம் என்று அத்தனையும் அலசிவிட்டுக் கடைசியில் டிக்கியில் கிடக்கும் ஒரு டயர் தீர்ப்புச் சொன்னது.

"சரி, இன்னைக்கே எடுத்துருவோம். இன்னும் ஆனிதானே?" என்றேன்.

"சனிக்கெழம யாராவது இரும்பு வாங்குவாங்களா?" என்றான் கணபதி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்காளும் அவன் பக்கம்தான் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆடி பிறந்தது. வண்டிக்கு முன்பணம் கட்டி, அத்தான் பெயர் எழுதிய சீட்டைக் கண்ணாடியில் ஒட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு என்று ஷோரூம் முற்றத்தில் நிறுத்திவைத்தார்கள்.

அந்த வார ஊசிக்குப் பழைய வாடகை டீசல் காரிலேயே போனோம். டிரைவர் செங்கோட்டை சுரேஷ், பாதி மலையாளம் பேசுகிற ஆள். "பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க, ஞான் பூப்போலக் கொண்டுபோறேன்" என்றார். பாவம், அவரும் பூப்போலத்தான் ஓட்டினார். ரோடும் வண்டியும் ஒத்துழைக்கவில்லை. தென்மலை தாண்டி ஒரு கடையில் நிறுத்தினார். எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வந்தது. நல்ல காரம், நல்ல ருசி. சாப்பிட்டதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அத்தான் காரிலேயே கண்ணை மூடிக்கொண்டு பால் இல்லாத கட்டன் சாயாவை இரண்டு வாய் குடித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒருத்தி, "நாங்க ரயில்ல வருதோம், படுத்துக்கிட்டே வரலாம்லா" என்றாள். அதைக் கேட்டு அக்காளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் ஸ்டேஷன் படிக்கட்டை அத்தானை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது? டாக்டர் இந்த முறையும் அதையேதான் சொன்னார்: ஒரு வாரம்கூட விடக்கூடாது.

திரும்பி வரும்போது மலை இறக்கத்தில் அத்தான் பேசினார். "இனிமே இந்த வண்டியில நான் வரமாட்டேன். ஆவணியில நம்ம வண்டி வரட்டும். அதுல போவோம்."

"நாலு ஊசி விட்டுப் போயிரும் அத்தான்" என்றேன்.

"போவட்டும். அந்தா, அந்த வண்டி நிக்குல்லா. வரும்லா" என்றார். வண்டி மட்டும் இல்லாமலிருந்தால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டேதான் இருந்திருப்பார். நல்ல வண்டி வரப்போகிறது என்ற நினைப்பு வந்ததும் இருக்கிற வண்டியைத் தாங்கும் திராணி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்காளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நாளைக்கே போய் வண்டிய எடுப்போம். ஆடியாவது கீடியாவது. உனக்கு மனுசன் முக்கியமா, மாசம் முக்கியமா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "நீ ஏரோபிளான் ஏறிப் போயிருவே. நான் இங்கன இருக்கணும். ஆடியில வண்டி எடுத்து, அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னு வையி, நோயாலன்னு ஒருத்தி சொல்லமாட்டா. வண்டியக் கொண்டாந்து புருசன முழுங்கிட்டாம்பாளுக. சாவுத வரைக்கும் நான் அதக் கேக்கணும். நீ கேப்பியாட்டி?" என்றாள். அவள் மேல் இருந்த கோபம் அப்படியே நின்றுபோனது. எங்கே திருப்புவது என்றுதான் தெரியவில்லை.

பாத்திமாவிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "எங்களுக்கு ஆடி கெடையாது அக்கா. ஆனா எங்க யாவாரத்துக்கு இருக்கு. இந்த மாசம் முற்றம் பூரா வண்டியா நிக்கி, ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டையா வந்து பாக்கதுன்னா பாக்கட்டும். பாக்கதுக்கு நாள் கெழம இல்லல்லா" என்றாள்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சுரேஷின் காரில் அத்தானை மெல்லத் தென்காசிக்கு அழைத்துப்போனேன். அக்காளிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தோம். உண்மையிலேயே கோபுர வாசல் வரை போனோம். அந்த வாசலில் எப்போதும் அடிக்கும் காற்று அன்றும் அடித்தது. காருக்குள் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, விடு ஷோரூமுக்கு" என்றார்.

முற்றத்தில் நெகிழி உறை போர்த்தி வரிசையாக வண்டிகள் நின்றன. பாத்திமா ஒன்றின் உறையை விலக்கினாள். கண்ணாடியில் அவர் பெயர் ஒட்டிய சீட்டு சாரலில் நனைந்து மை கலங்கியிருந்தது. கதவைத் திறந்தாள். அத்தான் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார், காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். முன்னால் ஏறியதைவிட ரொம்ப நேரம் ஆனது. இருக்கையைச் சாய்த்துக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டியை ஆன் செய்யவில்லை. கூரையில் மழை தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்படியே அரைமணி நேரம் இருந்திருப்பார். பிறகு கண்ணைத் திறக்காமலேயே, "செல்வி, வலிக்கல" என்றார்.

ஓடாமல் நிற்கிற வண்டியில் யாருக்கு வலிக்கும்? ஆமாம் அத்தான், நல்ல வண்டி என்றேன். "நல்ல வண்டி" என்று அவரும் சொன்னார். பாத்திமா அந்தப் பக்கம் திரும்பி, நனைந்த சீட்டை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் கிளம்பிவிட்டேன். சிங்கப்பூரில் என் காரில் ஏறி உட்கார்ந்தவர்கள் வழக்கம்போலத் தூங்கினார்கள். கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் போன் போட்டு, ஊசிக்குப் போனீர்களா என்று கேட்பேன். ஆவணி வரட்டும்ட்டி என்பாள் அக்காள். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டி வந்தது. படம் அனுப்பினாள். சந்தனம், குங்குமம், முன்னால் ரோஜா மாலை, நாலு சக்கரத்துக்கும் அடியில் கணபதி பொறுக்கி எடுத்த எலுமிச்சம்பழம். எல்லோரும் நின்றார்கள். அத்தான் படத்தில் இல்லை. உள்ளே படுத்திருக்கிறார், நாளைக்கு ஊசிக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை போன் வந்தது. அப்போதும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "ஏட்டி, அவுகளால உக்கார முடியல. முதுகுல கைய வச்சாலே துடிக்காக. காலு ரெண்டும் மரத்துப்போச்சுங்காக. படுக்க வச்சுத்தான் கொண்டுபோவணும். உசர வண்டியில சீட்ட மடக்குனா படுக்க வைக்கலாமா? இல்ல, குட்டை வண்டியா இருந்தா தோதுப்பட்டிருக்குமா? சொல்லுட்டி, உனக்குத்தான தெரியும்?"

"ரெண்டும் ஆவாது அக்கா. ஆம்புலன்ஸக் கூப்பிடு" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பேசினாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. புது வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. சாவி கணபதியின் சட்டைப் பையில். ஏலத்தை முடித்துவிட்டு வந்து ஓட்டுகிறேன் என்று போன கணபதி இன்னும் புளியங்குடியில். தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், சாவி இல்லாமல் அந்த வண்டி ஒரு அங்குலம் அசையாது. கடைசியில் தெரு ஆட்கள் நாலு பேர் அத்தானைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, மாலை போட்ட வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத் தெருமுனைக்குப் போயிருக்கிறார்கள்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு வாசல்ல நின்னேன்ட்டி" என்றாள் அக்காள். "வண்டிப் பக்கம் வந்ததும் அவுக கைய நீட்டி அதத் தொட்டாக. தொட்டுட்டு அந்தப் பயலுவகிட்டச் சொல்லுதாக, பாத்துப் போங்கலே, வண்டியில கீறல் விழுந்திரப் போவுதுன்னு."